"ஒண்டும் சொல்லுறான் இல்லை": பள்ளிக்கூடக் கரைச்சல் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். தரம் 4 முதல் 9 வரை, கணிதமும் தமிழும். கூட்டிப்போக வரும் பெற்றோர், பிள்ளை சப்பாத்து மாட்டும் அந்த இரண்டு நிமிடத்தில், குரலைத் தாழ்த்தி ஏதாவது கேட்பார்கள். பாதி நாள் அது கணிதத்தைப் பற்றியது அல்ல; பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கொடுக்கும் கரைச்சலை, அதாவது தொல்லையை, பற்றியது. ஒரே சந்தேகங்கள் மாறி மாறி வந்ததால் எழுதி வைத்தேன். நான் மனநல ஆலோசகர் இல்லை; பிள்ளைகளோடு நெடுநாள் இருந்தவள், அவ்வளவுதான். கேட்டவர்களின் பேச்சை அப்படியே விட்டு, ஆட்களின் அடையாளத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"பிள்ளையள் எண்டா பகிடி பண்ணத்தானே செய்யும் மிஸ்? இதையெல்லாம் பெரிசா எடுக்கோணுமா?"

பகிடி போய் வரும். இன்றைக்கு இவன் அவனைச் சோடாப்புட்டி என்பான், நாளைக்கு அவன் இவனை ஏதாவது சொல்வான், இரண்டு பேரும் சிரிப்பார்கள். கரைச்சல் ஒரே பக்கமாகத்தான் போகும். இதை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் ஒருவர், நோர்வேயில் வேலை செய்த உளவியலாளர் டான் ஒல்வியஸ். 1970களில் தொடங்கிய அவருடைய வேலையிலிருந்து வந்த மூன்று அடையாளங்களைத்தான் இன்றும் எல்லோரும் பாவிக்கிறார்கள்: வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதைத்தான் நாங்கள் கோட்டை விடுகிறோம். பலம் என்றால் உடம்பு மட்டுமா? கூட நிற்கும் நாலு பேர், சுழன்று பேசும் வாய், மொனிட்டர் பதவி, எல்லாம் பலம்தான்.

வீட்டில் பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. "வேண்டாம், நிப்பாட்டு" என்று சொன்னதும் நிற்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். நின்றால் பகிடி. சொன்னபிறகு இன்னும் கூடினால் அது பகிடி இல்லை.

"பகிடிவதை எண்டுறது கம்பஸில நடக்கிறதுதானே? ஸ்கூலில நடக்கிறதுக்கு என்ன பேர்?"

பகிடிவதை என்ற சொல் பல்கலைக்கழகத்தோடு ஒட்டிவிட்டது. அதற்கென்று 1998இல் வந்த 20ஆம் இலக்கச் சட்டமும் உயர்கல்வி நிறுவனங்களை மனதில் வைத்து வந்ததுதான். பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். "சேட்டை விடுறான்", "பட்டம் தெளிக்கிறான்" என்பார்கள். பெண் பிள்ளைகள் பலர் "எல்லாரும் என்னோட கோபம்", "விளையாட்டுக்குச் சேர்க்கிறாங்க இல்ல" என்பார்கள். இந்தக் கடைசி இரண்டையும் லேசாக எடுக்காதீர்கள். ஒருவர் மேலும் கை வைக்காமல் ஒரு பிள்ளையை மாதக்கணக்காக வதைக்கலாம்.

"என்ட மகன் ஒண்டும் சொல்லுறான் இல்லை. நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

தரம் 6 படிக்கும் ஒரு பையன். தினமும் தண்ணீர்ப் போத்தல் போனபடியே முட்டமுட்டத் திரும்பி வரும். கொழும்பு வெயிலில் பிள்ளை தண்ணீர் குடிக்கிறானில்லையே என்று தாய் ஏசாத நாள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடுவான். சிறுநீர் எரிவு என்று டொக்டரிடம் போனபிறகுதான் விஷயம் வெளியே வந்தது: பள்ளிக்கூடக் கழிவறை வாசலில் இடைவேளைக்குப் பெரிய வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் நிற்பார்கள். அங்கே போகாமல் இருப்பதற்காகவே பிள்ளை தண்ணீரை விட்டிருக்கிறான்.

அதனால் பையைப் பாருங்கள், போத்தலைப் பாருங்கள். பென்சில், அளவுகோல் அடிக்கடி காணாமல் போகிறதா? ஞாயிறு பின்னேரம் வரும் வயிற்றுவலி, லீவு நாளில் வராமல் இருக்கிறதா? முன்பு வாய் ஓயாமல் சொன்ன ஒரு கூட்டாளியின் பெயர் திடீரென்று நின்றுவிட்டதா? தங்கச்சிக்குக் காரணமில்லாமல் அடி விழுகிறதா? இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்தால் கேளுங்கள்.

"யாராவது அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இண்டைக்கு இடைவேளைக்கு எங்க நிண்டனீ? பக்கத்தில யார்?" என்று கேளுங்கள். முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேட்க வேண்டாம். ஆட்டோவில் போகும்போது, உடுப்பு மடிக்கும்போது, இரண்டு பேரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் பதில் வரும்.

"ஒருமாதிரிச் சொல்லிட்டான் மிஸ். நான் இப்ப உடனே என்ன செய்யோணும்?"

உடனே ஒன்றும் செய்ய வேண்டாம். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தரம் 7 பிள்ளை ஒருத்தியிடம், "ஏனம்மா இவ்வளவு நாளும் வீட்டில சொல்லேல்ல?" என்று கேட்டேன். சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மா அழுவா. அப்பா ஸ்கூலுக்கு வந்து கத்துவார். பிறகு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்." பிள்ளைக்குப் பயம் இரண்டு. ஒன்று அந்தப் பிள்ளைகள். மற்றது நாங்கள். சொன்னபிறகு பெரியவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்ற பயத்தில்தான் பாதிப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

முழுவதையும் கேளுங்கள். பிறகு, "சொன்னது நல்லது. இது உன்ர பிழை இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்பம்." இவ்வளவு போதும். கேட்கக் கூடாதவை இரண்டு: "நீ என்ன செய்தனீ?", "ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?" பிள்ளை "ஒருத்தரிட்டையும் சொல்லாதீங்கோ" என்று கெஞ்சினால் சத்தியம் பண்ணிவிடாதீர்கள், காப்பாற்ற முடியாது. "உனக்குத் தெரியாமல் ஒண்டும் செய்ய மாட்டன்" என்று சொல்லுங்கள். அதைக் காப்பாற்றலாம்.

அன்றிரவே ஒரு கொப்பியில் திகதி, இடம், நடந்தது, பார்த்தவர்கள் என்று எழுதி வையுங்கள். காயம், கத்தி காட்டி மிரட்டல், உடம்பில் தகாத இடத்தில் கை வைத்தல் என்றால் மட்டும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே நடவடிக்கை எடுங்கள். அப்போதும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத்தான்.

"இவர் சொல்லுறார், 'திருப்பி அடி, ரெண்டு நாளில அடங்குவாங்கள்' எண்டு. சரிதானே?"

சில நேரம் அடங்குவார்கள். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கேள்வியில் சொன்ன பலத்தை நினையுங்கள். சமமாக அடிக்கக்கூடிய பிள்ளையென்றால் இந்தப் பிரச்சினையே பெரும்பாலும் வந்திருக்காது. டீச்சர் திரும்பிப் பார்ப்பதும் இரண்டாவது அடி விழும்போதுதான்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. அடிக்க முடியாத பிள்ளை, அப்பா சொன்னதையும் செய்ய முடியவில்லை என்று இன்னொன்றையும் சேர்த்து மறைக்கத் தொடங்குவான். பள்ளிக்கூடத்தில் ஒரு தோல்வி, வீட்டில் ஒரு தோல்வி. கராத்தே வகுப்புக்கு விடுங்கள், நிமிர்ந்து நிற்கப் பழகுவான். இதற்கு மருந்தென்று நினைத்து விடாதீர்கள்.

"அப்ப வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுறீங்களா?"

இல்லை. ஒரு வசனம், ஒரு போக்கிடம். வசனம் குட்டையாக இருக்க வேண்டும்: "அப்பிடிக் கூப்பிடாத." புத்திசாலித்தனமான பதிலடியெல்லாம் வேண்டாம், அது போட்டியாகிவிடும். சொல்லிவிட்டு நடக்க வேண்டும். சும்மா விலகிப் போனால் பின்னால் வருவார்கள். ஒரு ஆளை நோக்கிப் போக வேண்டும். நூலகம், டீச்சர், மாணவர் தலைவர் நிற்கும் இடம், கன்டீன் அன்ரி, யாராவது.

இது கேட்டால் வராது, பழகினால்தான் வரும். என் வீட்டு வராந்தாவில் நான்தான் அந்தப் பையனாக நடிப்பேன். நரைத்த தலையோடு சேலையைச் செருகிக்கொண்டு "ஏய் பூசணி!" என்று நான் கத்த, பிள்ளை முதலில் விழுந்து விழுந்து சிரிக்கும். இரண்டாம் தரம் குரல் தொண்டைக்குள்ளேயே நிற்கும். நாலாம் ஐந்தாம் தரம் தோள் நிமிரும். கண்ணைப் பார்க்கக் கூச்சமென்றால் எதிரில் நிற்பவரின் புருவத்துக்கு நடுவில் பார்க்கச் சொல்லுங்கள், வித்தியாசம் தெரியாது. சிங்களப் பிள்ளைகளோடு போகும் இடமென்றால் "எப்பா" (வேண்டாம்) என்ற ஒரு சொல்லையும் அதே குரலில் பழக்குங்கள். ஆனால் காசு பறிக்கிறார்கள், மூன்று நாலு பேர் சூழ்கிறார்கள் என்றால் வசனமெல்லாம் வேண்டாம், நேராகப் பெரியவர் ஒருவரிடம் போவதுதான்.

"நான் நேரா பிரின்ஸிபலிட்ட போகவா? இல்லாட்டி கேட்டில நிண்டு அந்தப் பெடியனையே பிடிச்சுக் கேக்கவா?"

கேட்டில் பிடித்துக் கேட்பது வேண்டவே வேண்டாம். மறுநாள் பேச்சு உங்கள் மகனைப் பற்றித்தான் இருக்கும், பழியும் உங்கள் தலையில் விழும். முதலில் வகுப்பாசிரியர். நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவர் காணாமல் விட்டிருக்கலாம். நேரம் கேட்டு, அந்தக் கொப்பியோடு போங்கள். "அவனுக்குத் தண்டனை குடுங்கோ" என்று தொடங்காமல், "இடைவேளைக்கு அந்தப் பக்கம் யார் நிற்பார்கள்? இவனை வேறு இடத்தில் இருத்தலாமா?" என்று செய்யக்கூடியதைக் கேளுங்கள். இரண்டு கிழமை போயும் மாற்றமில்லையென்றால் பகுதித் தலைவர், பிறகு உப அதிபர், அதிபர். அந்தக் கட்டத்தில் எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்: இரண்டு பிள்ளையையும் ஒரே நேரம் கூப்பிட்டு நிறுத்தி, "கை குடுத்துச் சமாதானமாகுங்கோ" என்பது. சண்டை பிடித்த இரண்டு பேருக்கு அது சரி. பலம் சமமில்லாத இடத்தில் கையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் "சொல்லிக் குடுத்தாய் என்ன?" என்றுதான் தொடங்கும்.

பள்ளிக்கூடம் அசையவில்லையென்றால் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம், 24 மணி நேரமும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அரச அமைப்பு அது. தமிழில் பேச வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"டீச்சரே பட்டப்பேர் வச்சுத்தான் கூப்பிடுறா. அப்ப யாரிட்டப் போறது?"

டீச்சர் ஒருதரம் "கறுவல்" என்றால் வகுப்பு முழுவதற்கும் லைசன்ஸ் கிடைத்த மாதிரி. அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். அரசப் பாடசாலையென்றால் அடுத்தது வலயக் கல்வி அலுவலகம். கை நீட்டியிருந்தால், பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை (2005/17) விட்டது. இப்போது நடப்பில் உள்ள சுற்றறிக்கையின் இலக்கத்தைக் கேட்டறிந்து, அதைக் குறிப்பிட்டே எழுதுங்கள், தொனி மாறும். சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனியாகப் பதிந்தவை, அங்கே நிர்வாகத்திடம்தான் போக வேண்டும். 1929 எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் பொது.

"நாங்க ஹட்டன் பக்கம் மிஸ். மக வாயத் தொறந்தாலே 'தோட்டம்'னு சிரிக்கிறாங்களாம். இனி அப்படிப் பேசாதன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

சரியில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, பிள்ளையைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள். ஆனால் பிள்ளைக்கு அது "சிரித்தவர்கள் சரி" என்றுதான் கேட்கும். இனி வீட்டில் பேசும்போதும் நாக்கு தயங்கும்.

கொழும்புத் தமிழ் வகுப்பறை ஒரு கதம்பம். மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பிள்ளைக்கு "தோட்டக்காட்டான்", யாழ்ப்பாணப் பிள்ளைக்குப் "பனங்கொட்டை". பத்து வயதுப் பிள்ளை இதையெல்லாம் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். டீச்சரிடம் போகும்போது "நக்கலடிக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லாமல், என்ன சொல் சொன்னார்கள் என்பதை அப்படியே சொல்லுங்கள். ஊரையும் பிறப்பையும் பிடித்துச் சொல்வது பட்டப்பெயரைவிடக் கனம்.

என் வகுப்பிலும் இது நடந்தது. ஏசிப் பார்த்தேன், பிரயோசனமில்லை. ஒரு நாள் பாடத்தை விட்டுவிட்டு, "உங்கட வீட்டில மட்டும் பாவிக்கிற சொல் ஒண்டு சொல்லுங்கோ" என்று பலகையில் எழுதத் தொடங்கினேன். யாழ்ப்பாணப் பிள்ளை "ஆய்க்கினை" என்றான். தெஹிவளையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளை தன் உம்மும்மா சொல்லும் ஒரு சொல்லைச் சொன்னாள். ஹட்டன் பிள்ளை மெதுவாக "பெரட்டு" என்றாள். ஒருவருக்கும் தெரியவில்லை. விடியற்காலையில் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் பார்த்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் பெரட்டுக்களம், தன் அம்மாயி ஐந்து மணிக்கே எழும்பிப் போவார் என்று அவள் விளங்கப்படுத்த, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த கிழமையும் ஒருவன் நக்கலடித்தான், அது வேறு. ஆனால் பக்கத்தில் இருந்தவன் சிரிக்கவில்லை. மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடமானதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

"கரைச்சல் ஸ்கூலில இல்ல, வேனில."

வேன் அங்கிளிடம் நீங்களே பேசுங்கள், முன் சீற்றைக் கேளுங்கள். சீற் மாறினாலே பாதி வேன் கதைகள் முடிந்துவிடும். முடியாவிட்டால் வேனை மாற்றுங்கள். பள்ளிக்கூடம் மாற்றுவதைப் போல அது பெரிய காரியமில்லை.

"மகளின்ட போட்டோவை ஸ்டிக்கராக்கி கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில போட்டிருக்கினம். போனைப் பறிச்சு வச்சிட்டன்."

போனைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை சொன்னால் போன் போய்விடும் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும். மேலே சொன்ன "மற்றப் பயம்" இதுதான். அழிப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், அனுப்பியவரின் இலக்கமும் நேரமும் தெரிகிற மாதிரி. பிறகு ரிப்போர்ட் பண்ணி, அந்த ஆளை புளொக் பண்ணுங்கள். பதில் ஸ்டிக்கர் போட விடாதீர்கள்.

குரூப்பில் யாரோ ஒரு அம்மா இருப்பார், அல்லது டீச்சர் இருப்பார். ஸ்கிரீன்ஷொட்டோடு அவரிடம் போங்கள். அப்புறம் இன்னொன்று: வாட்ஸ்அப்புக்குக் குறைந்தது 13 வயது வேண்டும். தரம் 5 வகுப்புக்குப் பிள்ளைகளின் குரூப் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. உடுப்பில்லாத படம், அப்படி மாற்றிய படம், காசு கேட்டு மிரட்டல் என்றால் பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் 1929க்கும் பொலிஸுக்கும் போங்கள். அந்தப் படத்தை "ஆதாரம்" என்று நீங்களும் மற்றவர்களுக்கு அனுப்பக் கூடாது.

"என்ட பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்ல. பாத்துக்கொண்டு நிண்டவனாம். அதுவும் பிழையா?"

பிழை என்று ஏச வேண்டாம். ஆனால் அவன் கையில் இருக்கும் பலத்தைச் சொல்லிக் கொடுங்கள். கனடாவின் டொரொன்டோவில் பள்ளிக்கூட விளையாட்டிடங்களை வீடியோ எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2001இல் வெளியானது. பத்தில் ஒன்பது சம்பவத்தில் மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குறுக்கே போனது ஐந்தில் ஒரு முறைகூட இல்லை. ஆனால் யாராவது போனபோது, பாதிக்கு மேல், 57 வீதம், பத்து வினாடிக்குள் நின்றுவிட்டது.

குறுக்கே போவதென்றால் சண்டைக்குப் போவதில்லை. "வா, பந்து விளையாடப் போவம்" என்று கரைச்சல்படும் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு போவது. அதுவும் முடியாவிட்டால் சிரிக்காமல் இருப்பது, பிறகு டீச்சரிடம் சொல்வது. "அது கோள் சொல்லுறது இல்லையா?" என்று பிள்ளை கேட்பான். நாங்கள்தானே தம்பியைப் பற்றிச் சொல்ல வரும்போதெல்லாம் "கோள் மூட்டாத" என்று கலைத்து விட்டோம்.

"எங்கட பிள்ளைதான் செய்யிறான் எண்டு டீச்சர் கூப்பிட்டுச் சொல்லுறா. நான் நம்பேல்ல."

நம்பாமல் இருப்பது இயல்பு. நானும் என் மகன் விஷயத்தில் நம்பவில்லை. மூன்று நாள் டீச்சரில் பிழை பிடித்தேன், நாலாம் நாள் அவன் தங்கச்சியோடு பேசும் விதத்தைக் கவனித்தேன். சரி, நம்ப வேண்டாம், விசாரியுங்கள்: என்ன நடந்தது, எத்தனை தரம், அந்தப் பிள்ளை என்ன சொன்னது.

வீட்டில் பெல்ட்டை எடுக்காதீர்கள். பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்பதைத்தான் அது திரும்பச் சொல்லிக் கொடுக்கும். ஆனால் "இனிச் செய்யாத" என்று விட்டுவிடவும் வேண்டாம். பறித்ததைத் திருப்பிக் கொடுக்கட்டும். குரூப்பில் போட்டதென்றால் அதே குரூப்பில் பிழையென்று எழுதட்டும். நேரில் மன்னிப்பு என்பது அந்தப் பிள்ளை விரும்பினால் மட்டும். கொஞ்ச நாளைக்கு இடைவேளையில் யாரோடு திரிகிறான் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருங்கள். பள்ளிக்கூடத்தில் கரைச்சல் கொடுக்கும் பிள்ளை வேறெங்கோ கரைச்சல் படுவதும் உண்டு, டியூஷனிலோ, வீட்டிலோ.

"செய்யிறது என்ட மச்சாளின்ட மகன். ஒரே பிளாட். கதைச்சா உறவு போயிடும், கதைக்காட்டி பிள்ளை போயிடும்."

மச்சாளோடு தனியாக, பிள்ளைகளும் மாமியும் இல்லாத இடத்தில் பேசுங்கள். "உன்ர மகன் கூடாதவன்" என்று தொடங்காமல், "என்ட பிள்ளை ராத்திரியில நித்திரை கொள்ளுறானில்ல, எனக்கு உன்ர உதவி வேணும்" என்று தொடங்குங்கள். பள்ளிக்கூடத்தில் நடப்பதைப் பள்ளிக்கூடம் பார்க்கட்டும், அதற்குச் சொந்தம் தடையில்லை. மச்சாள் கோபித்தால் கொஞ்ச நாள் கோபிப்பார். நல்லூர்த் தேர், கலியாண வீடு என்று ஏதாவது வந்து சேர்த்துவிடும். பிள்ளைக்கு அப்படி ஒரு தேர் இல்லை.

"'எனக்கு இருக்க விருப்பமில்லை' எண்டு சொன்னவள். சும்மா சொல்லுறாள் தானே?"

சும்மா என்று எடுக்க வேண்டாம். இதற்கும், மேலே சொன்ன "உடனே ஒன்றும் செய்ய வேண்டாம்" பொருந்தாது. "செத்துப் போகலாம் எண்டு நினைக்கிறியா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. அன்றிரவு தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரை, மருந்துகளை எடுத்துப் பூட்டுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் மருத்துவமனையில் பிள்ளைகளுக்கான மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பின்வாங்க வேண்டாம். அங்கே வரிசையில் நிற்பவர்களும் நம்மைப் போன்ற பெற்றோர்தான்.

"இவ்வளவும் நடந்து முடிஞ்சு, இப்ப அவனோடயே போய் விளையாடுறான் மிஸ். எனக்குப் பத்தி எரியுது. விடவா?"

விடுங்கள். உங்கள் கோபம் அவனுடையதைவிட நீளமாக ஓடுகிறது, அது தாய்மாருக்கு வழக்கம். முதல் கேள்வியில் சொன்ன சோதனையை மட்டும் வைத்துப் பாருங்கள்: "நிப்பாட்டு" என்றால் நிற்கிறதா, பகிடி இரண்டு பக்கமும் போய் வருகிறதா? வந்தால், பத்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள் என்று எடுங்கள். வராவிட்டால், கூட்டத்தில் இருந்தால் அடி விழாது என்று போயிருப்பான். பந்து அடிப்பது யார், ஒவ்வொரு முறையும் அதைப் பொறுக்க ஓடுவது யார் என்று பால்கனியிலிருந்து ஒரு பின்னேரம் பார்த்தால் தெரிந்துவிடும்.